இரவல் காப்பு

சென்னைக் கடற்கரையிலிருந்து செங்கல்பட்டு செல்லும் மின்தொடர் வண்டி தாம்பரத்தை எட்டுமுன் 'தாம்பரம் சானடோரியம்' என்றொரு நிலையத்தில் நிற்கும். நாள்தோறும் அவ்வழியே போய்வரும் நம்மில் பலர் அதனை ஓர் ஊர்ப்பெயர் என்றே எண்ணிப் பழகிவிட்டோம். காசநோயாளர் தங்கி உடல் தேறுவதற்கென ஐரோப்பியர் மலையடிவாரங்களில் அமைத்த இல்லங்களுக்குச் சானடோரியம் என்று பெயர். 1928-இல் டாக்டர் டேவிட் சவரிமுத்து என்னும் தமிழர், தாம்பரத்துப் பச்சைமலையின் அடிவாரத்தில் 12 படுக்கைகளோடு அத்தகைய இல்லம் ஒன்றைத் தொடங்கினார். ஆங்கில ஏடுகளில் 'சௌரி முத்து' என்று காணப்படும் அவர் பெயர், புனித சவேரியாரின் பெயரைத் தாங்கிய நம் ஊர்ச் சவரிமுத்துகளின் பெயராகவே நம் காதுக்கு ஒலிக்கிறது. அதற்கு முன் இங்கிலாந்தின் மெண்டிப் குன்றுகளில் அவர் நடத்திய இல்லத்தில் கணித மேதை இராமானுஜன் 1917-இல் சிறிது காலம் தங்கிச் சிகிச்சை பெற்றதுண்டு. தாம்பரம் இல்லத்தை 1937-இல் அரசு ஏற்றுக்கொண்டது.

அவர் கையாண்ட மருந்து காற்று. திறந்த வெளி, மரநிழல், நல்லுணவு, ஓய்வு, பிறர் மூச்சிலிருந்து விலகல் ஆகியவற்றைத் தவிர நுரையீரல் நோய்க்கு நோயை வேரறுக்கும் மருந்தொன்றும் அன்று மருத்துவர் கையில் இல்லை. 1940-களில் ஸ்ட்ரெப்டோமைசின் வந்தது. பிறகு மாத்திரைகளும் வந்தன. வீட்டிலேயே இருந்து மருந்துண்ணும் நோயாளர், சானடோரியத்தில் தங்கியவருக்குச் சற்றும் குறையாமல் குணமடைகின்றனர் என்பதைச் சென்னையில் நடந்த ஆய்வு ஒன்று 1959-இல் உலகுக்குக் காட்டியது. அதன்பின் உலகெங்கும் சானடோரியங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. மருந்து வந்ததும் விலகலின் தேவை குறைந்தது.

ஆயினும் விலகல் ஒன்றையே நம்பி வாழவேண்டிய நோயாளர் ஒரு சாரார் எஞ்சினர். அவர்கள் சிசுக்கள். எதிர்ப்பாற்றல் இன்றியே பிறந்தவர்கள், அல்லது பிறந்த சில நாட்களில் அதனை இழந்தவர்கள். நம் வீடுகளில் மூன்று நாள் மூக்கொழுகி மறையும் சாதாரணச் சளி அவர்களுடைய நுரையீரலில் மாதக் கணக்கில் தங்கிவிடும். அச்சிசுக்களை நச்சுயிரிகளிடமிருந்து காக்க மனிதர் பட்ட பாட்டின் வரலாற்றையே இங்குச் சொல்ல முனைகிறோம். அவ்வரலாற்றின் ஏடுகளுள் ஒன்று அதே தாம்பரம் வளாகத்தில் எழுதப்பட்டது. மற்ற சிலவற்றைப் புரட்டிய பின் அங்கே திரும்புவோம்.

கருவுற்ற தாய், பேறுகாலத்தின் கடைசி மூன்று மாதங்களில், தன் குருதியில் உள்ள எதிர்ப்பொருள்களைக் கொப்பூழ்க்கொடி வழியே குழந்தைக்கு அனுப்புகிறாள். அவள் வாழ்நாளில் எதிர்கொண்ட நோய்களின் நினைவு அவற்றில் இருக்கிறது. அந்த இரவல் காப்பு ஏறத்தாழ ஆறு மாதங்களில் கரைந்துவிடும். அதற்குள் குழந்தை தன் சொந்தக் காப்பைக் கட்டத் தொடங்கிவிடுகிறது. ஆனால் மிகக் கடுமையான எதிர்ப்பாற்றல் குறைபாட்டோடு பிறக்கும் சிசுவுக்குக் கட்டுவதற்குரிய செங்கல்லே இல்லை. நிணநீர் வெள்ளணுக்கள் எனப்படும் காவல் அணுக்கள் அதன் உடலில் உருவாவதில்லை. பிறந்தபோது எடையும் நிறமும் குறைவின்றி இருக்கும். இரண்டு மூன்று மாதங்களில் வாய்ப்புண், நில்லாத வயிற்றுப்போக்கு, ஓயாத இருமல், எடை ஏறாமை என ஒவ்வொன்றாகத் தலைகாட்டும். நம் பாட்டிமார் இதனை மாந்தம் என்றனர், கணை என்றனர், கண்ணேறு என்றனர். அவர்களைக் குறை கூற நமக்கு உரிமையில்லை. 1950-க்கு முன் மேல்நாட்டு மருத்துவரும் இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கவில்லை.

அந்த ஆண்டில் சுவிட்சர்லாந்து நாட்டு மருத்துவர்களான கிளான்ஸ்மான், ரினிக்கர் ஆகிய இருவர், நிணநீர் வெள்ளணுக்கள் அற்று இறந்த சிசுக்களைப் பற்றி முதன்முதலில் எழுதினர். 1952-இல் அமெரிக்கப் படை மருத்துவர் ஆக்டன் புரூட்டன் வேறொரு குறையைக் கண்டார். மீண்டும் மீண்டும் நிமோனியாவால் அவதியுற்ற எட்டு வயதுச் சிறுவனின் குருதியில் எதிர்ப்பொருள்கள் அடியோடு இல்லை. பிறர் குருதியிலிருந்து பிரித்தெடுத்த காமா குளோபுலினை அவனுக்கு ஊசிவழி செலுத்தினார். நோய் வருவது நின்றது. தாய் கருவில் செய்ததை முகமறியாத கொடையாளர் ஊசியின் வழியே செய்தனர். இன்றும் அம்மருந்தின் ஒவ்வொரு தொகுதியும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அளித்த குருதியிலிருந்தே உருவாகிறது. மூன்று அல்லது நான்கு வாரங்களுக்கு ஒருமுறை மீண்டும் செலுத்தவேண்டும். இரவல் வாங்கியது அவ்வளவு காலமே நிற்கும்.

நச்சுயிரியின் போக்கு பாக்டீரியாவினுடையதிலிருந்து வேறுபட்டது என்பதை இங்கே சொல்லியாகவேண்டும். அது நம் உயிரணுவுக்குள்ளேயே புகுந்து, அதன் அடுப்பிலேயே சமைத்து உண்டு பெருகுகிறது. வெளியே திரியும் நச்சுயிரியை எதிர்ப்பொருள் பிடித்துவிடும். உள்ளே புகுந்துவிட்டதை ஒழிக்கவோ டி அணுக்கள் எனப்படும் வெள்ளணுக்கள் வேண்டும். புரூட்டன் கண்ட சிறுவனிடம் அவை இருந்தன. சுவிட்சர்லாந்துச் சிசுக்களிடம் இல்லை. ஆகவே ஒருவனுக்குப் போதுமானதாய் இருந்த ஊசி மற்றவர்க்குப் பாதி உதவியாகவே நின்றது. அவர்களுக்குப் பிறருடைய அணுக்களே தேவைப்பட்டன. 1968-இல் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் ராபர்ட் குட் என்னும் மருத்துவர், ஐந்து மாத ஆண் சிசு ஒன்றுக்கு அதன் அக்காளின் எலும்பு மஜ்ஜையைச் செலுத்தினார். அக்குழந்தை பிழைத்து வளர்ந்தது. அதே குடும்பத்தில் அதற்கு முன் ஆண் சிசுக்கள் பலர் இறந்திருந்தனர்.

பொருத்தமான உடன்பிறப்பு இல்லாத குழந்தை என்ன செய்யும்? டேவிட் வெட்டரின் கதை இவ்வினாவுக்குள்தான் அடங்குகிறது. அவன் டெக்சாஸ் மாநிலத்துக் கத்தோலிக்கக் குடும்பம் ஒன்றில் 1971 செப்டம்பர் 21-ஆம் நாள் ஹூஸ்டன் நகரில் பிறந்தான். அவனுக்கு முன் பிறந்த அண்ணன் அதே நோயால் ஏழு மாதத்தில் இறந்துவிட்டான். ஆகவே பிறந்த சில நொடிகளுக்குள் டேவிட், கிருமி நீக்கிய காற்று நிறைந்த நெகிழிக் கூடத்துள் வைக்கப்பட்டான். அவனைக் காத்த மருத்துவ அறிஞர்களுள் ரஃபேல் வில்சன் ஒருவர். திருச்சிலுவைச் சபையின் அருட்சகோதரரான அவர், முன்னர் ஜெர்மனியில் இரட்டைக் குழந்தைகளை இம்முறையில் காத்த பட்டறிவு உடையவர். டேவிட்டின் திருமுழுக்குக்குரிய தீர்த்தமும் கிருமி நீக்கப்பட்ட பின்பே கூடத்துக்குள் சென்றது. அவசர வேளையில் செவிலியர் கையால் நம் குழந்தைகள் பலர் பெற்ற திருமுழுக்கை எண்ணிப் பார்க்கும் நமக்கு, அந்தத் தண்ணீர் சென்ற வழி வியப்பாகவும் சற்று வருத்தமாகவும் இருக்கிறது.

மஜ்ஜை கிடைக்கும்வரை சில மாதங்கள் என்று தொடங்கியது 12 ஆண்டுகளாக நீண்டது. அவனைத் தொட்ட கை ஒவ்வொன்றும் கூடத்தின் சுவரில் பொருத்திய தடித்த கையுறைக்குள் இருந்தது. 1977-இல் விண்வெளி ஆய்வு நிறுவனம் அவனுக்கென ஓர் உடை செய்து தந்தது. அதை அணிந்து சில முறை வெளியே நடந்தான். இத்தகைய வாழ்வுக்குள் ஒரு குழந்தையை வைக்க நமக்கு உரிமை உண்டா என்று அம்மருத்துவ வட்டத்தைச் சேர்ந்த ஆன்மப் பணியாளர் ஒருவரே கேட்டார். எளிதில் விடை சொல்லக்கூடிய கேள்வி அன்று அது. வெளியே விட்டிருந்தால் அண்ணனைப் போல அவனும் சில மாதங்களில் இறந்திருப்பான் என்பது ஒருபுறம். உள்ளே வைத்ததற்கு ஒரு முடிவும் திட்டமிடப்படவில்லை என்பது மறுபுறம். நம் எண்ணத்தில், தவறு கூடத்தில் இருந்ததைக் காட்டிலும், அடுத்த வழி விரைவில் பிறந்துவிடும் என்ற அளவுகடந்த நம்பிக்கையில் இருந்தது.

அடுத்த வழி பிறந்தது. காலம் தாழ்ந்து பிறந்தது. முழுப் பொருத்தம் இல்லாத மஜ்ஜையையும் பக்குவப்படுத்திச் செலுத்தலாம் என்ற முறை 1980-களின் தொடக்கத்தில் வந்தது. 1983 அக்டோபரில் டேவிட்டுக்கு அவன் அக்காளின் மஜ்ஜை செலுத்தப்பட்டது. அதற்குள் எப்ஸ்டீன்-பார் என்னும் நச்சுயிரி உறங்கிக்கிடந்தது. உலகில் பெரும்பாலோர் உடலில் ஓசையின்றி வாழும் நச்சுயிரி அது. மாற்றத்துக்கு முன் நடந்த சோதனையில் அது அகப்படவில்லை. அவன் உடலில் அது புற்றாக மாறியது. 1984 பிப்ரவரி 22-இல் டேவிட் இறந்தான். கூடத்திலிருந்து வெளியே எடுக்கப்பட்ட கடைசி நாட்களில்தான் அவன் தாய் அவனை முதன்முதலாகக் கையுறையின்றித் தொட்டாள். 1995-இல், அதே நச்சுயிரியை அடையாளம் கண்டு அழிக்குமாறு கொடையாளரின் வெள்ளணுக்களைப் பக்குவப்படுத்திச் செலுத்தும் சிகிச்சையின் முதல் வெற்றிகள் வெளியாயின. இன்று மஜ்ஜை மாற்றத்தின்போது தாக்கும் வேறு சில நச்சுயிரிகளுக்கும் அம்முறை பயன்படுகிறது.

இனி மூச்சு வழியே வரும் நச்சுயிரிகளைப் பார்ப்போம். சிசுக்களின் நுரையீரலை மிகுதியாகத் தாக்குவது ஆர்.எஸ்.வி. என்னும் சுவாச நச்சுயிரி. 1956-இல் சளிபிடித்த சிம்பன்சிக் குரங்குகளிடமிருந்தும், அடுத்த ஆண்டு மனிதச் சிசுக்களிடமிருந்தும் பிரித்தெடுக்கப்பட்டது. மழையும் பனியும் கூடும் மாதங்களில் நம் குழந்தைகள் மருத்துவமனைகளில் இரைப்போடு வரும் சிசுக்களுள் கணிசமானோருக்கு இதுவே காரணம். இதற்கெனச் செய்த முதல் தடுப்பூசி 1966-இல் அமெரிக்கச் சிசுக்களுக்குப் போடப்பட்டது, அது காக்கவில்லை. ஊசி பெற்ற குழந்தைகளுக்கு நோய் முன்னினும் கடுமையாக வந்தது. இரு குழந்தைகள் இறந்தனர். அந்த அதிர்ச்சியால் அத்துறையே பல்லாண்டு காலம் தயங்கி நின்றது. 1980-களின் நடுவில் ரிபாவிரின் என்னும் மருந்தை ஆவியாக்கி மூச்சில் கொடுக்கும் முறை வந்தது. எதிர்ப்பாற்றல் அற்ற சிசுக்களுக்கு இன்றும் சில இடங்களில் அது தரப்படுகிறது. நச்சுயிரியின் வேகத்தைக் குறைக்கலாமே தவிர, வேரோடு களைய வல்லதன்று. 1998-இல் ஆய்வகத்தில் உருவான எதிர்ப்பொருள் ஊசி வந்தது. மாதம் ஒருமுறை போடவேண்டிய அதன் விலை ஏழைக் குடும்பங்களின் கனவுக்கும் எட்டாதது. 2023-இல்தான் கருவுற்ற தாய்க்கு ஊசி போட்டு, அவள் வழியே சிசுவுக்குக் காப்பு அனுப்பும் தடுப்பூசி அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஏற்பு பெற்றது. அறிவியல் சுற்றிச் சுற்றித் தாயின் கொப்பூழ்க்கொடிக்கே வந்து சேர்ந்திருக்கிறது.

மருந்துகளின் இந்தச் சிறுமையைக் காட்டும் கணக்கு ஒன்று உண்டு. 2000 முதல் 2009 வரை வட அமெரிக்காவில் மஜ்ஜை மாற்றம் பெற்ற 240 சிசுக்களின் வரலாற்றை மருத்துவர்கள் 2014-இல் வெளியிட்டனர். பிறந்து மூன்றரை மாதத்துக்குள் மாற்றம் பெற்றவருள் 100-க்கு 94 பேர் ஐந்து ஆண்டு கடந்தும் வாழ்ந்தனர். அதற்கு மேற்பட்ட வயதில், நோய்த்தொற்று உடலில் இருக்கும்போதே மாற்றம் பெற்றவருள் பாதிப்பேரே பிழைத்தனர். வயது தாழ்ந்தாலும் தொற்று இல்லாதவர் நிலை முன்னவருக்கு அருகில் இருந்தது. ஆக, அந்த மஜ்ஜை வந்து சேரும்வரை ஒரு சளிகூடப் பிடிக்காமல் காப்பதே சிகிச்சையின் பெரும்பகுதி.

இப்போது தாம்பரத்துக்குத் திரும்புவோம். 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் சென்னையில் திரட்டிய குருதி மாதிரிகளை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் சோதித்தபோது, இந்தியாவில் முதன்முறையாக எச்.ஐ.வி. கண்டறியப்பட்டது. அந்நச்சுயிரி டி அணுக்களையே தேடி அழிப்பது. டேவிட்டுக்குப் பிறவியில் நேர்ந்த வெறுமை, எச்.ஐ.வி. தொற்றிய சிசுவுக்குச் சில மாதங்களில் நேர்கிறது. பல மருத்துவமனைகள் கதவடைத்த நாட்களில், 1993 முதல், தாம்பரம் சானடோரியம் இந்நோயாளரைச் சேர்த்துக்கொண்டது. காசத்துக்கென எழுந்த கட்டடங்களில் ஆண்களும் பெண்களும், பெண்களின் மடியில் சிசுக்களும் வந்து சேர்ந்தனர். சில ஆண்டுகளில் நாட்டிலேயே இந்நோயாளரை மிகுதியாகப் பேணும் மருத்துவமனைகளுள் ஒன்றாக அது வளர்ந்தது. நம் இல்லங்களும் பங்குகளும் அந்நாட்களில் தயங்கியே நின்றன என்பதை மறைப்பதில் பயனில்லை. கன்னியர் சபைகள் சில பின்னர் பராமரிப்பு இல்லங்களோடு முன்வந்தன.

அச்சிசுக்களின் நோயை அறிவதே பெருந்தொல்லை. தாயிடமிருந்து வரும் எதிர்ப்பொருள்கள் குழந்தையின் குருதியில் பதினெட்டு மாதம்வரை காணப்படலாம். ஆகவே வழக்கமான சோதனையில் நோயற்ற குழந்தையும் நோயுள்ளதுபோலத் தோன்றும். காக்க வந்த இரவல் காப்பே உண்மையை மூடிவிடுகிறது. நச்சுயிரியை நேரே தேடும் சோதனை 2010 அளவில்தான் நாடெங்கும் அரசுத் திட்டமாகப் பரவத் தொடங்கியது. அதற்கு முன், விடை தெரியுமுன்பே குழந்தைகள் நிமோனியாவில் போய்விடுவர். நியூமோசிஸ்டிஸ் என்னும் பூஞ்சை மூன்று முதல் ஆறு மாதச் சிசுக்களைத் தேடி வரும். அதைத் தடுக்க ஆறாவது வாரம் முதல் கோட்ரைமாக்சசோல் என்னும் மலிவான மருந்தைத் தரலாயினர். ஆர்.எஸ்.வி. போன்றவை வந்தால் நெடுநாள் தங்கும். அவை திறந்த கதவு வழியே பாக்டீரியாக்கள் நுழையும். தென்னாப்பிரிக்காவின் சொவெட்டோவில் நடந்த ஆய்வு ஒன்று 2004-இல் இதனை அழகாக மெய்ப்பித்தது. நிமோகாக்கஸ் என்னும் பாக்டீரியாவுக்கு எதிரான தடுப்பூசி, நச்சுயிரி தொடர்புடைய நிமோனியாக்களையும் 31 விழுக்காடு குறைத்தது.

எச்.ஐ.வி.க்கு எதிரான கூட்டு மருந்து அரசுச் செலவில் 2004 ஏப்ரல் 1 முதல் தரப்பட்டபோது, தொடக்க மையங்களுள் தாம்பரமும் ஒன்று. ஆனால் அவை பெரியவருக்கான மாத்திரைகள். குழந்தைக்கென்று அவற்றை உடைத்து அளவிட்டுத் தரவேண்டியிருந்தது. குழந்தைகளுக்கான தனித் திட்டம் 2006 நவம்பரில் தொடங்கியது. நோய் முற்றும்வரை காத்திராமல், கண்டவுடன் சிசுவுக்கு மருந்து தொடங்கினால் இறப்பு 76 விழுக்காடு குறைகிறது என்பதை 2008-இல் மற்றொரு தென்னாப்பிரிக்க ஆய்வு காட்டியது. ஹூஸ்டன் கூடமும் மினியாபொலிஸ் மஜ்ஜையும் கற்பித்த அதே பாடம் இங்கும் வந்தது: சிசுவுக்கு நாட்கள் குறைவு.

தாய்ப்பால் பற்றிய குழப்பத்தையும் சொல்லவேண்டும். எச்.ஐ.வி. பாலின் வழியே செல்லும் என்பதால் முதலில் பால் கொடுப்பதை நிறுத்தச் சொன்னார்கள். நல்ல தண்ணீர் இல்லாத வீட்டில் புட்டிப்பால் குடித்த குழந்தைகள் வயிற்றுப்போக்கில் இறந்தன. தாய்க்கோ சேய்க்கோ மருந்து கொடுத்துக்கொண்டே தாய்ப்பாலைத் தரலாம் என்று உலக நல நிறுவனம் 2010-இல் வழிகாட்டியது. ஆனால் பிறவியிலேயே டி அணுக்கள் இல்லாத சிசுவுக்கு நிலைமை வேறு. தாயின் உடலில் அமைதியாய் இருக்கும் சைட்டோமெகலோ நச்சுயிரி பாலில் கலந்து சென்று நுரையீரலைக் கெடுக்கக்கூடும். தாய்க்கு அத்தொற்று உள்ளதா என்று பார்த்தே மருத்துவர் முடிவு செய்கின்றனர். நம் நாட்டில் பெரும்பாலான தாய்மாருக்கு அது இருக்கிறது.

கோவளத்துக் கார்மேல் அன்னை ஆலயத்திலிருந்து மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம், கல்பாக்கம் என்று தெற்கே இறங்கும் கடற்கரைக் குப்பங்களில், ஒரே அறையில் பாட்டி முதல் கைக்குழந்தை வரை எல்லாரும் படுத்துறங்கும் வீடுகள் இன்றும் உண்டு. ஹூஸ்டன் கூடத்தை அங்கே எங்கே வைப்பது? சுற்றியிருப்போர் நோயைச் சுமந்து வராதிருப்பதே அவ்வீட்டுச் சிசுவுக்குக் கூடம். தட்டம்மையை எடுத்துக்கொள்வோம். நமக்கு அம்மை என்றாலே உடல் முழுதும் எழும் சிவந்த தடிப்பு. அந்தத் தடிப்பு நம் டி அணுக்கள் நச்சுயிரியோடு பொருதும் போரின் அடையாளம். போரிட ஆளில்லாத குழந்தைக்குத் தடிப்பே எழாது. அம்மை நேரே நுரையீரலுக்குச் சென்றுவிடும். காரணம் விளங்காத ஒருவகை நிமோனியாவால் இறந்த குழந்தைகளின் நுரையீரலில் தட்டம்மை நச்சுயிரியை ஜான் எண்டர்ஸ் குழுவினர் 1959-இல் கண்டுபிடித்தபோதுதான் இவ்வுண்மை தெளிவாயிற்று. வாசலில் வேப்பிலை செருகும் வீட்டில் அம்மை இருப்பது தெருவுக்குத் தெரியும். இக்குழந்தையின் வீட்டில் செருக வேண்டும் என்பதே யாருக்கும் தெரியாது.

2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியபின், முகாம்களில் குழந்தைகளுக்கு வைட்டமின் ஏ-யும் தட்டம்மைத் தடுப்பூசியும் அவசரமாகத் தரப்பட்டன. இதே கரை தெற்கே நீளும் கடலூர் மாவட்டத்தில், ஒரு தவணை ஊசி பரவலாகப் போடப்பட்டிருந்த மக்களிடையேயும் தட்டம்மை பரவியதை மருத்துவ ஆய்வாளர் பதிந்தனர். ஒன்பது மாதத்தில் போடும் ஒற்றை ஊசி எல்லாக் குழந்தைக்கும் பற்றுவதில்லை. 2010-இல் நாட்டில் இரண்டாம் தவணை சேர்க்கப்பட்டது. 2017 பிப்ரவரியில் தமிழகத்தில் தட்டம்மை, ரூபெல்லா கூட்டு ஊசி இயக்கம் தொடங்கியது. அப்போது எழுந்த வதந்திகளை நம்பிப் பெற்றோர் சிலர் பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பாமல் வைத்திருந்தனர். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் காப்புப் பெற்றால்தான் இந்நோய் பரவ வழியின்றி அடங்கும். விலகிக்கொண்ட வீட்டுப் பிள்ளைக்கு ஒருவேளை ஒன்றும் நேராமல் போகலாம். அவன் மூச்சு எந்தச் சிசுவைத் தொடும் என்பது அவன் பெற்றோருக்குத் தெரியாது.

இதே தடுப்பூசியில் ஓர் எதிர்நிலையும் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் வரலாறு பொய்யாகும். அன்றைய பரந்த செங்கல்பட்டு மாவட்டத்தில், இன்று திருவள்ளூரைச் சூழ்ந்த கிராமங்களில், 1968 முதல் 1971 வரை ஏறத்தாழ 2,60,000 பேரைக் கொண்டு பி.சி.ஜி. ஊசியின் பயன் சோதிக்கப்பட்டது. செங்கல்பட்டு ஆய்வு என்று உலகப் பாடநூல்களில் இடம்பெற்ற அது, பெரியவரின் நுரையீரல் காசத்தை அவ்வூசி தடுக்கவில்லை என்று காட்டியது. சிசுக்களின் மூளைச்சவ்வு காசம் போன்ற கொடிய வகைகளைத் தடுப்பதால் பிறந்தவுடன் போடும் வழக்கம் நம் நாட்டில் தொடர்கிறது, தொடரவும் வேண்டும். ஆனால் பி.சி.ஜி.யில் இருப்பது வலுக்குறைந்த உயிருள்ள கிருமி. பிறந்ததும் தரும் போலியோ சொட்டு மருந்தும், ஆறாம் வாரத்து ரோட்டா மருந்தும் வலுக்குறைந்த உயிருள்ள நச்சுயிரிகளே. கோடிக்கணக்கான குழந்தைகளைக் காக்கும் இவை, டி அணுக்கள் அற்ற அந்த ஒரு சிசுவின் உடலில் நோயாகப் பரவக்கூடும். அக்குழந்தையைச் சோதனையின்றி முதல் நாளில் கண்டுகொள்ள முடியாது.

கண்டறியும் சோதனை இருக்கிறது. குதிகாலில் குத்தி எடுத்த ஒரு சொட்டுக் குருதியைத் தாளில் உலர்த்தி, புதிய டி அணுக்களின் தடயம் உள்ளதா என்று பார்ப்பது. 2008-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம் எல்லாச் சிசுக்களுக்கும் இதைத் தொடங்கியது. 2018-க்குள் அந்நாட்டின் எல்லா மாநிலங்களும் ஏற்றன. ஏறத்தாழ 58,000 குழந்தைகளில் ஒன்று என்று அங்குக் கண்டனர். நம் நாட்டில் எல்லாக் குழந்தைகளுக்கும் இச்சோதனை செய்யப்படுவதில்லை. வேலூரில் 1986-இல் தொடங்கிய மஜ்ஜை மாற்றம் இன்று சென்னையிலும் நடைபெறுகிறது. தந்தை அல்லது தாயின் பாதிப் பொருத்தமுள்ள மஜ்ஜையாலும் சிசுக்கள் காப்பாற்றப்படுகின்றனர். ஆனால் பெரும்பாலோர் அங்கே சென்று சேர்வது நுரையீரலில் தொற்றோடுதான்.

இங்கே நம் சமூகத்தின் பழக்கம் ஒன்று குறுக்கிடுகிறது. அக்காள் மகளை மணப்பதும் மாமன், அத்தை பிள்ளைகளை மணப்பதும் நம்மிடையே நெடுநாளைய வழக்கம். தமிழகத்தில் நான்கில் ஒன்றுக்கு மேற்பட்ட திருமணங்கள் உறவுக்குள் நடைபெறுவதாக 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு கூறுகிறது. இந்நோயின் வகைகள் பலவும், தாய் தந்தை இருவரும் ஒரே மரபணுக் குறையைச் சுமக்கும்போது தோன்றுபவை. ஒரே பாட்டனின் வழிவந்தோர் அதைச் சுமக்கும் வாய்ப்பு மிகுதி. திருச்சபைச் சட்டத்தின் 1091-ஆம் விதி நான்காம் படிவரை பக்கவழி இரத்த உறவைத் திருமணத் தடை என்கிறது. மாமனும் மருமகளும் மூன்றாம் படி. மாமன், அத்தை பிள்ளைகள் நான்காம் படி. ஆயரிடம் விதிவிலக்குப் பெறலாம் என்பதால், அதை ஒரு விண்ணப்பத் தாளாகவே நாம் கருதிப் பழகிவிட்டோம். பங்குத்தந்தை உறவுமுறையைப் படமாக வரைந்து எழுதும் அந்த வேளையில், இரு வீட்டாரும் தத்தம் குடும்பத்தில் சிசுப் பருவத்தில் இறந்தவர்களைப் பற்றி வாய்திறந்து பேசலாம். வெட்கப்படுவதற்கு அதில் ஒன்றுமில்லை.

டேவிட்டின் நோய் வகையோ உறவுத் திருமணத்தைச் சார்ந்ததன்று. அது தாய்வழியே வந்து ஆண் குழந்தைகளை மட்டும் தாக்குவது. அதற்குரிய மரபணு 1993-இல் கண்டறியப்பட்டது. தாய்க்கு ஒன்றும் தெரியாது. அவள் உடன்பிறந்தவனோ அவள் தாயின் உடன்பிறந்தவனோ கைக்குழந்தையாய் இருமி இறந்திருப்பான். பழைய பங்குகளின் இறப்புப் பதிவேடுகளில் ஒரே வீட்டுப் பெயருக்கு எதிரே சில மாத வயதுடைய ஆண் சிசுக்கள் அடுத்தடுத்து எழுதப்பட்டிருந்தால், அதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். இதுவும் ஒன்றாக இருக்கலாம். அத்தகைய வீட்டில் பேறுகாலத்துக்கு முன்பே மருத்துவரிடம் அச்செய்தியைச் சொல்லிவிட்டால், குழந்தை பிறந்த அன்றே வெள்ளணுக்களை எண்ணிப் பார்ப்பார். விடை வரும்வரை உயிருள்ள ஊசிகளை நிறுத்திவைப்பார். சளிபிடித்த அண்ணனையும் அக்காளையும் முத்தமிட வரும் உறவினரையும் தொட்டிலுக்கு எட்ட நிறுத்தச் சொல்வார். சாதாரண வெள்ளணுக் கணக்கெடுப்பு எந்த வட்டார அரசு மருத்துவமனையிலும் செய்யக்கூடியது. நிணநீர் வெள்ளணு சிசுவின் வயதுக்குரிய அளவுக்கு மிகக் குறைந்திருந்தால், அதுவே முதல் எச்சரிக்கை.